நகர மையத்தில் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளூர் வரலாற்றை எப்படிக் கொண்டுவருவது?

நகரின் நடுவே ஒரு பழைய மனை கிடைத்திருப்பதாகவும், அந்த இடத்தின் வரலாறு தெரியும்படி ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்பதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் உங்கள் மேசையில் பழைய வளைவுகள், தூண் தலைப்புகள், மரச்சன்னல்கள் ஆகியவற்றின் புகைப்படங்கள் குவிந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அந்த மனையின் பழைய அளவைப் படத்தைத் தேடி எடுங்கள். குடியிருப்புகளை வடிவமைக்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், முகப்பை மட்டும் பழையதாக்கி வரலாறு என்று விற்கும் கட்டடங்களைக் கண்டு மனம் நொந்தவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

பழைய நகர மையங்களில் தெருவை ஒட்டிய முகப்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே மனைகள் அகலம் குறைந்தும் ஆழம் மிகுந்தும் இருந்தன. கீழே கடையோ பட்டறையோ நடக்க, மேலே மக்கள் குடியிருந்தார்கள். நடுவில் விட்ட முற்றத்திலிருந்து வெளிச்சமும் காற்றும் வந்தன. பிற்காலத்தில் இத்தகைய பல மனைகளை ஒன்றாக்கிப் பெரிய கட்டடம் எழுப்பும்போது, சில மீட்டருக்கு ஒரு வாசல் இருந்த தெரு, ஒரே வரவேற்பறையும் ஒரு பார்க்கிங் வாயிலும் கொண்ட நீண்ட சுவராகிவிடுகிறது. அந்த இடத்தின் வரலாறு முதலில் அழிவது இந்த இணைப்பில்தான். அமெரிக்க நகரங்களுக்கு சான்போர்ன் நிறுவனம் தீக்காப்பீட்டுக்காக வரைந்த படங்களில் செங்கல் கட்டடங்கள் இளஞ்சிவப்பிலும் மரக் கட்டடங்கள் மஞ்சளிலும் குறிக்கப்பட்டுள்ளன. எந்தச் சுவர் எங்கே முடிந்தது என்பதுகூட அவற்றில் தெரியும். உங்கள் நகருக்கு அப்படி ஒன்று இல்லாவிட்டாலும், நில அளவைப் பதிவேடுகளும் பழைய பத்திரங்களின் எல்லைக் குறிப்புகளும் பெரும்பாலும் கிடைக்கும்.

என் அனுபவம் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வரிசையாக நின்ற பழைய கிடங்குகளை இடித்துவிட்டு, ஒன்றாக்கப்பட்ட மனையில் குடியிருப்பு கட்டும் பணி எங்களிடம் வந்தது. கிடங்குகளின் நினைவாக முகப்பில் வளைவுகள் வேண்டும் என்பது கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் வைத்த ஒரே நிபந்தனை. தெர்மாகோலில் வெட்டி மேலே சாந்து பூசிய வளைவுகளின் மாதிரியைக்கூட அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். பழைய படத்தை எடுத்துப் பார்த்தபோது, அங்கே ஐந்து குறுகிய மனைகள் இருந்ததும், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே பின்தெருவுக்குச் செல்லும் ஒரு நடைவழி இருந்ததும் தெரியவந்தன. அந்த வழியை யாரோ எப்போதோ சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். சுமை தூக்குபவர்கள் அதன் வழியாகத்தான் வண்டியிலிருந்து கிடங்குக்கு மூட்டைகளைக் கொண்டுபோனதாக அக்கம்பக்கத்து முதியவர்கள் சொன்னார்கள். படமும் அவர்கள் நினைவும் ஒன்றோடொன்று பொருந்தின.

அந்த நடைவழியை மீண்டும் திறப்பதையே வடிவமைப்பின் அடிப்படையாக வைத்தோம். தரையில் அதன் பழைய அகலத்தை விட்டு, மேல்தளங்களில் அதைவிட அகலமாக்கி, வானம் தெரியும்படி கட்டடத்தை இரண்டாகப் பிரித்து, தளந்தோறும் ஒரு பாலத்தால் இணைத்தோம். விற்கக்கூடிய பரப்பு குறைகிறது என்று உடனே எதிர்ப்பு வந்தது, அது நியாயமான எதிர்ப்பும்கூட. ஆனால் ஒரே கட்டடமாக இருந்தால் ஒரு தளத்தில் நான்கு மூலை வீடுகள்தாம் கிடைக்கும், மற்றவை நடுவில் ஓடும் தாழ்வாரத்தின் இருபுறமும் ஒரு பக்கச் சன்னலோடு, குறுக்குக் காற்றில்லாமல் அமையும். இரண்டாகப் பிரித்தால் எட்டு மூலைகள் கிடைக்கும் என்பதை வரைந்து காட்டியபோது பேச்சின் போக்கு மாறியது. எதிரெதிர் சன்னல்கள் நேருக்கு நேர் பார்க்காதபடி அவற்றை முன்பின்னாகத் தள்ளி வைத்தோம். முன்பு மூட்டைகள் போன வழி இன்று வீடுகளுக்குக் காற்றைத் தருகிறது. வரலாற்றிலிருந்து ஒரு வடிவமைப்பு பெறக்கூடிய பயன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பார்க்கிங்தான் கடினமாக இருந்தது. தூண்களுக்கு இடையே மூன்று கார்கள் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 8 மீட்டர் இடைவெளி தேவை, இரண்டுக்கு ஐந்தரை மீட்டர் போதும். பழைய மனைகளின் அகலமும் கிட்டத்தட்ட ஐந்தரைதான். தூண்களைப் பழைய மனை எல்லைகளின் மேலேயே நிறுத்தியதால் சில கார்களுக்கு இடம் குறைந்தது, ஆனால் தெருவில் கடைகளின் அகலமும் வாசல்களின் வரிசையும் முன்பிருந்தபடியே அமைந்தன. இதற்காக நடந்த விவாதங்கள் வளைவுகளுக்கான விவாதத்தைவிட நீளமானவை.

உலகறிந்த கட்டடங்களிலும் இதே பாடத்தைக் காணலாம். மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-இல் முடிந்த கஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக் கட்டடத்தில் பழைய பங்களாவின் ஓடோ மரத்தூணோ கிடையாது. கடற்காற்றும் காட்சியும் வரும் மேற்குத் திசையிலிருந்தே பிற்பகல் வெயிலும் மழையும் வருவதால், பழைய பங்களாக்கள் வாழுமிடத்தைச் சுற்றி வராந்தா அமைத்திருந்தன. அந்த வராந்தாவைத்தான் அவர் இரண்டு மாடி உயரத் தோட்ட மாடங்களாக 28 தளங்களிலும் கொண்டுசென்றார். சீனாவின் ஹாங்சௌ நகரில் வாங் ஷூ முற்றத்தையே அடுக்கடுக்காக மேலே தூக்கி 26 மாடிக் குடியிருப்புகளை அமைத்தார். இத்தாலியின் மிலான் நகரில் உள்ள டோர்ரே வெலாஸ்கா என்ற உயர்ந்த கட்டடத்தில் கீழே அலுவலகங்களும், அவற்றைவிட அகலமாக வெளியே நீட்டிய மேல்தளங்களில் வீடுகளும் இருப்பதால், அது இடைக்காலக் கோபுரத்தை நினைவூட்டுகிறது. 1959-இல் நெதர்லாந்தின் ஒட்டர்லோவில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்கள் பழைமைக்குத் திரும்புவதாக அதைக் கடுமையாகச் சாடினார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. குறுகிய கீழ்ப்பகுதியும் மேலே பெரிய வீடுகளும் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த உருவத்தைப் போலி என்று எப்படிச் சொல்வது?

வளைவே கூடாது என்கிறேனா என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. சுமையைத் தாங்கும் செங்கல் வளைவைக் கட்ட முடிந்தால் தாராளமாகக் கட்டுங்கள். நினைவுச் சின்னங்களுக்காக எழுதப்பட்ட 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சிதைந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதேவேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. புதிய குடியிருப்புக்கு அது சட்டமன்று, இருந்தாலும் அந்த நேர்மையை நாம் கைக்கொள்ளலாம். பழைய கட்டடமே நிற்குமானால் நிலைமை வேறு. வியன்னாவில் 1899 முதல் இயங்கிய நான்கு மாபெரும் எரிவாயுக் கொள்கலன்களின் செங்கல் சுவர்களை அப்படியே வைத்து, உள்ளே வீடுகளைக் கட்டி 2001-இல் குடியேற்றினார்கள். அங்கே பழையதும் புதியதும் பார்த்தவுடனே தனித்தனியாகத் தெரிகின்றன.

பொருள்களைப் பற்றி இரண்டு குறிப்புகள் மட்டும். பழைய சுவர்களின் அழகுக்குப் பெரிய காரணம் கனம். சன்னல் சுவரின் உட்புறம் தள்ளி அமைவதால் அதன் விளிம்பில் நிழல் விழும். மெல்லிய செங்கல் ஓடுகளை ஒட்டிவிட்டுச் சன்னலை வெளிமட்டத்திலேயே பொருத்தினால் எந்தச் செங்கல்லாலும் அந்த நிழலைத் தர முடியாது. எங்கள் திட்டத்தில் நான் கேட்ட ஆழத்தில் பாதியைத்தான் செலவுக் கணக்கு அனுமதித்தது. இன்றும் அந்தத் தெருவில் நடக்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகிறது. அடுத்தது, பழைய செங்கல்லைச் சேர்த்துவைத்து மீண்டும் கட்டுவதானால் சிமெண்ட் மிகுந்த சாந்தில் கட்டாதீர்கள். மென்மையான செங்கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் ஏற்றது. கடினமான சாந்து ஈரத்தை வெளியேற விடாமல் செங்கல்லின் முகத்தையே உதிரச் செய்யும்.

யாருடைய வரலாறு என்ற கேள்வியையும் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். கிடங்கின் முதலாளிகளுக்குப் படமும் பெயர்ப்பலகையும் எஞ்சியிருக்கும். கிடங்கின் மேல்மாடியில் ஒற்றை அறைகளில் குடியிருந்தவர்களுக்கு எதுவும் எஞ்சுவதில்லை. அந்த அறைகளின் நினைவாக ஒரு தளத்திலாவது சிறிய, வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் வேண்டும் என்று வாதாடினேன். அது நடக்கவில்லை. கட்டடத்திற்குப் பழைய கிடங்கின் பெயரை வைத்தார்கள். பெயரை வாங்கிக்கொண்டு மனிதர்களை வெளியே நிறுத்துவது என்னை இன்றும் வருத்துகிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. நாங்கள் அணுகிய ஓர் அலுவலகத்தில், கணினியில் ஏற்றிவிட்டோம் என்று சொல்லி, பழைய கட்டட வரைபடங்களைக் கழிவுத்தாளாக விற்றுவிட்டிருந்தார்கள். கணினியில் ஏற்றிய நகல்களில் அளவெழுத்துகள் படிக்க முடியாதபடி மங்கியிருந்தன. ஆகவே உங்கள் மனையில் பழைய சுவர் ஏதேனும் நின்றால், இடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே அதை நாடா வைத்து அளந்து, மனை எல்லைகள், வாசல்கள், முற்றம், கிணறு என எல்லாவற்றையும் அளவோடு வரைந்துவிடுங்கள். அந்த வரைபடத்தின் ஒரு பிரதி உரிமையாளரிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். மூன்றாவதை அருகிலுள்ள பொது நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.