உயரமான கொமட் வாங்கி நான் பட்ட பாடு

கேள்வி: எல்லோரும் பாவிக்கிற குடும்ப பாத்ரூமுக்கு எந்த உயரத்தில் கொமட் வாங்குவது? உயரமானதுதான் நல்லது என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா?

உண்மை இல்லை. அதே கதையை நம்பி 2021இல் நானும் ஒன்று வாங்கினேன். நான் பிளம்பரும் இல்லை, டாக்டரும் இல்லை, கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் காசும் போய், அம்மாவிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் வயதான ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில். இரண்டு பாத்ரூம். ஒன்று எங்கள் அறையோடு சேர்ந்தது. மற்றது அம்மா, மகள், வந்து போகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது பாத்ரூமில் பழைய கொமட் வெடித்து, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரியத் தொடங்கியது. அம்மாவுக்கு அப்போது 76 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. உயரமாக இருந்தால் எழும்புவது சுகம் என்று நானே முடிவெடுத்துக்கொண்டு, கட்டடச் சாமான் கடைகள் இருக்கிற பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம், கடையில் நின்றதே மூன்று நாலு கொமட். "அண்ணன், இது அமெரிக்கா அளவு. நாற்காலியில் இருக்கிற மாதிரி. வயசான ஆக்களுக்கு இதுதான்" என்றார் கடைக்காரர். நானும் இருந்து பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. இருக்காதா? நான் ஐந்தடி பதினொரு அங்குலம். அம்மா நாலடி பத்து.

அந்த அமெரிக்கா அளவு என்னவென்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான விதியில், தரையிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை 17 முதல் 19 அங்குலம் என்று இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து மாறுவதற்கு வசதியான உயரம் அது. வடமராட்சியிலிருந்து வந்த நாலடி பத்து அங்குல மனுசியை நினைத்து வைத்தது அல்ல.

அட்டையில் 16½ என்றுதான் போட்டிருந்தது. அது பீங்கான் விளிம்பு வரைக்கும். அதன்மேல் சீட் ஒரு அங்குலம். அப்புறம் பாஸ், அதாவது மேசன், வந்தார். (பாஸ் என்பதும் கக்கூஸ் என்பதும் ஒல்லாந்தன் விட்டுப்போன சொற்கள். 1796இல் கொழும்பை இங்கிலீஷ்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனபோது இந்த இரண்டையும் கட்டி எடுத்துப்போக மறந்துவிட்டான்.) கழிவுக் குழாயின் வாய் தரைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டப் பஞ்சிப்பட்டு, கொமட்டுக்கு அடியில் ஒரு அங்குலம் சீமெந்து போட்டு உயர்த்தி, "ஹரி மாத்தயா" (சரி ஐயா) என்று கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் சேர்த்து 18½. அம்மாவுக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, செருப்பில்லாமல், 14½. காலுக்குக் கீழே நாலு அங்குலம் வெறும் காற்று.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் கழுவும்போது கதவுக்குப் பின்னால் ஏதோ காலில் தட்டியது. இரண்டு செங்கல். ஷவர்ப் பக்கம் வரம்பு கட்டி மிஞ்சி, பால்கனியில் கிடந்தவை. ஒவ்வொன்றையும் பழைய நூல் சேலைத் துண்டால் சுற்றி, கரையைக் கிழித்த நாடாவால் முடிச்சுப் போட்டிருந்தார். துணி அடியில் ஈரமாகிக் கறுத்திருந்தது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தேன், நாலு அங்குலம். அம்மா அடிமட்டம் பிடிக்காமலே அளந்திருக்கிறார்.

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ இவ்வளவு காசு குடுத்து வாங்கினனீ, நான் என்னெண்டு சொல்லுறது? கால் ஊண்ட இடமில்லாமல் எப்பிடியடா முக்கிறது?"

அம்மா கேட்டதற்குள் உடற்கூறு முழுவதும் இருக்கிறது. மலக்குடலைக் கவண் போல முன்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கிற ஒரு தசை உண்டு. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, குந்துகிற நிலைக்குக் கிட்ட வந்தால் அது தளர்ந்து பாதை நேராகும். கால் தொங்கினால் நடப்பது எதிர்மாறு. போதாததற்கு சீட்டின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்திக் கால் விறைக்கும். விறைத்த காலோடு ஈரத் தரையில் இறங்குவதை யோசித்துப் பாருங்கள்.

"கொமட்டே வேண்டாம், குந்துவதே மேல்" என்று எழுத வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவும் கிணற்றடிக்கு அங்கால் இருந்த குந்துகிற கக்கூஸில் பழகியவர்தான். இன்றைக்கு அவரைக் குந்தச் சொல்லிவிட்டு, நீங்களே வந்து தூக்கி எழுப்புங்கள்.

சரி, உடனே மாற்றவில்லையா என்றால், இல்லை. திரும்பவும் செலவழிக்க மனம் வரவில்லை, அதற்குள் 2022 வந்துவிட்டது, நாட்டில் பொருளாதார நெருக்கடி. செங்கல்லுக்குப் பதிலாக மரத்தில் ஒரு படி செய்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஒரு இரவு அம்மா எழும்பும்போது கால் படியில் தடக்கியது. கைக்கு எட்டியது துவாய்க் கம்பி. அதைப் பிடித்தார், அது சுவரோடு பெயர்ந்து கையில் வந்தது. நல்லகாலம், கொமட்டிலேயே திரும்ப விழுந்ததால் எலும்பு தப்பியது. பக்கத்தில் ஒரு கன்றல் மட்டும்.

துவாய்க் கம்பி ஆளைத் தாங்காது. உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் இரண்டு சின்ன ஆணி, அவ்வளவுதான். பிடிகம்பி என்றே விற்கிற சாமானை, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், சுவர் உறுதியான இடத்தில் போட வேண்டும். டைல்ஸ் ஒட்ட முதலே பாஸிடம் சொன்னால் அந்த இடத்தைக் கெட்டியாக நிரப்பித் தருவார். முழங்கால் வலிக்காரருக்கு உயரத்தைவிட இந்தக் கம்பிதான் உதவி. என் அனுபவம் அப்படி.

2023இல்தான் மாற்றினோம். விளிம்பு 15, சீட்டோடு 16. கழிவுக் குழாயை ஒழுங்காக வெட்டிவிட்டு, அடியில் சீமெந்து மெத்தை போடாமல் பொருத்த வைத்தேன், பக்கத்தில் நின்றே. அம்மாவுக்கு இன்னமும் ஒன்றரை அங்குலம் கூடத்தான். ஆனால் முன்னுக்குக் கொஞ்சம் நகர்ந்து இருந்தால் முன்பாதம் ஊன்றும், கையில் கம்பியும் இருக்கிறது. அந்த உயரமானதைக் கழற்றி எங்கள் அறைப் பாத்ரூமில் போட்டோம். உடையாமல் கழன்றதே அதிசயம். மனைவிக்கு அதில் பிரியமில்லை, அது வேறு கதை.

இதையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தொடர்மாடிக் கமிட்டி திருத்த வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, லிஃப்டில் சீமெந்தும் கொமட்டும் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியது. இரண்டு தடவையும் ஐந்து மாடி படியேறித்தான் சுமந்தோம். அடுத்த மாதமே கமிட்டிக்காரர் ஒருவரின் மகளுக்கு வந்த சீதன அலுமாரி அதே லிஃப்டில் போனது. லிஃப்டின் கண்ணாடி இன்றைக்கும் வெடித்தபடி இருக்கிறது. என் முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் அந்த பாத்ரூமைப் பாவிக்கிற பெரியவர்களில் ஆகக் கட்டையானவரை நாற்காலியில் இருத்தி, வெறுங்காலோடு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளவுங்கள். டைல்ஸ் போட்டு முடிந்த தரையிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை அந்த அளவுக்குக் கிட்ட வருகிற கொமட்டை வாங்குங்கள். நம்முடைய ஆட்களுக்கு அது பெரும்பாலும் 15, 16 அங்குலத்தில் நிற்கும். கடையில் சில நேரம் மேடையில் ஏற்றி வைத்திருப்பார்கள், அங்கே இருந்து பார்த்து ஏமாறாதீர்கள். நெட்டையானவர் உயரம் குறைந்த கொமட்டில் சமாளிப்பார். கட்டையானவர் உயரமானதில் சமாளிக்க மாட்டார். பிள்ளைகளுக்கு எந்தக் கொமட்டும் உயரம்தான், அவர்களுக்குப் படி கொடுங்கள், ஓடி ஏறுவார்கள். என் மகளுக்கு ஏழு வயதில் 12 அங்குலம்கூட இல்லை.

முழங்கால் அல்லது இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர் என்றால் நான் சொன்னது பொருந்தாது. இடுப்பு அதிகம் மடியக் கூடாது என்பார்கள், உயரம் தேவைப்படும். அதற்கும் கொமட்டையே மாற்ற வேண்டியதில்லை. இரண்டு, நாலு, ஆறு அங்குலத்தில் மேலே பூட்டுகிற சீட் மருத்துவச் சாமான் கடைகளில் இருக்கிறது, தேவை முடிந்ததும் கழற்றலாம். உயரமாக வாங்கியதை வெட்டிக் குறைக்க முடியாது. சுவரில் தொங்குகிற வகையை விரும்பிய உயரத்தில் பொருத்தலாம்தான். ஆனால் டாங்கி சுவருக்குள் போய்விடும், அதில் தண்ணீர் கசிந்தால் எங்கள் கமிட்டியோடு யார் கதைப்பது?

உங்கள் வீட்டு ஆகக் கட்டையானவரின் அளவைக் கீழே எழுதுங்கள். கொமட்டின் அட்டையில் என்ன அளவு போட்டிருக்கிறது என்பதையும் எழுதினால், சீட்டையும் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.