கோட்டிங் போட்ட டூலும் அதன் அடித்தளமும்: கேள்வி பதில்

கேள்வி: டிராயிங் டையில் (தகட்டை இழுத்து வடிவம் கொடுக்கும் அச்சில்) டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போட்டோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு இழுத்தால் நீளவாக்கில் கீறல் விழுகிறது. கோட்டிங் மட்டமா?

பதில்: கோட்டிங்கைத் திட்டும் முன் அதன் அடியில் என்ன இருந்தது என்று பாருங்கள். பிவிடி (வெற்றிட அறையில் ஆவியைப் படியவைக்கும் முறை) கோட்டிங்கின் கனம் பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரான்தான். கிரைண்டிங் கல் விட்டுப்போன கோடுகளை அது நிரப்பாது. மேடு மேடாகவே மேலே வரும், முன்னைவிடக் கடினமாக. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த மேட்டின் முனையில் பொட்டுப் பொட்டாக ஒட்டும். ஒட்டியது அழுத்தத்தில் இறுகி, பின்னால் வரும் தகட்டை உழும். நீங்கள் பார்க்கும் கீறல் அதுதான்.

ஆர்க் முறையில் (மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கி) போட்டிருந்தால் இன்னொரு தொல்லை. கேதோடிலிருந்து (ஆவியாகும் உலோகக் கட்டியிலிருந்து) தெறித்த உலோகத் துளிகள் கோட்டிங்கோடு சேர்ந்தே படிந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் மணல் தூவியது மாதிரி தெரியும். அவையும் ஒட்டுவதற்கு இடம் கொடுக்கும், பிடுங்கிக்கொண்டு போனால் குழி விழும்.

ஆகவே பாலிஷ் இரண்டு தடவை. கோட்டிங்குக்கு முன் ஆர்ஏவை (சராசரி சொரசொரப்பு அளவு) 0.1 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவாருங்கள். கடைசித் தேய்ப்பு தகடு நகரும் திசையிலேயே இருக்கட்டும். கோட்டிங்குக்குப் பின் நைசான டைமண்ட் பேஸ்டில் லேசாக. லேசாக என்றால் லேசாகத்தான், வளைவில் அழுத்தினால் கோட்டிங்கே போய்விடும். முடித்ததும் பருத்திப் பஞ்சை வளைவின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் வேலை பாக்கி இருக்கிறது.

கேள்வி: எந்தக் கோட்டிங் சிறந்தது?

பதில்: எந்த உலோகத்துக்கு, எந்த வேலைக்கு என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: வயர்கட் (மின்பொறி விடும் கம்பியால் வெட்டும் முறை) செய்த பஞ்ச் (தகட்டை அழுத்தும் டூல்). கோட்டிங் செதில் செதிலாக உரிகிறது.

பதில்: உரிந்த செதிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அதில் ஸ்டீலும் ஒட்டியிருக்கலாம். வயர்கட்டில் உருகி மறுபடி உறைந்த மேல்தோல் நொறுங்கும் தன்மை உடையது, நுண்ணிய விரிசல்களும் இருக்கும். அதை எடுக்காமல் கோட்டிங் போட்டால் தோலோடு சேர்ந்து போகும். ஸ்கிம் கட் (லேசான மறுவெட்டு) எடுத்தால் அது மெலியும். மிச்சத்தை லாப்பிங்கில் (பேஸ்ட் வைத்துத் தேய்ப்பதில்) எடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பளபளப்பாக்கினால் கோட்டிங் எதைப் பிடித்து நிற்கும்? கொஞ்சம் சொரசொரப்பு வேண்டாமா?

பதில்: வேண்டாம். பெயின்ட் அடிக்கும் பழக்கத்தில் வரும் எண்ணம் இது. பிவிடி அறைக்குள் ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பைச் சுத்தம் செய்த பிறகுதான் படிய வைக்கிறார்கள். பிடிப்பு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, துரு, பாலிஷ் பேஸ்ட் மிச்சம், இவைதான் எதிரி.

கேள்வி (அவரே): தெர்மல் ஸ்ப்ரேயில் கிரிட் பிளாஸ்டிங் (கரடான துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்குதல்) செய்துதானே போடுகிறோம்?

பதில்: அங்கே உருகிய துகள் தெறித்து விழுந்து மேடு பள்ளத்தைக் கவ்வுகிறது. இங்கே ஆவி படிகிறது. இரண்டும் வேறு. டூலை முரட்டுத்தனமாக பிளாஸ்ட் செய்து அனுப்பினால், புதைந்த கிரிட் துகள்மேல் படிந்த கோட்டிங் அந்தத் துகளோடு போகும்.

கேள்வி (இன்னொருவர்): அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. கண்ணாடி மாதிரி இருந்தால் எண்ணெய் நிற்காதே?

பதில்: சரி, இது நல்ல கேள்வி. எண்ணெய் தங்கப் பள்ளம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பள்ளம் வேறு, மேடு வேறு. மேடுகளை வெட்டிவிட்டு ஆழமற்ற பள்ளங்களை மட்டும் விட்ட பரப்பும், ஊசி ஊசியாக நிற்கும் பரப்பும் ஒரே ஆர்ஏ காட்டலாம். முதலாவது எண்ணெயைத் தாங்கும், இரண்டாவது தகட்டைக் கிழிக்கும். ஆர்ஏ ஒரு சராசரி, வடிவத்தைச் சொல்லாது. மேடுகளின் அளவு வேண்டுமென்றால் ஆர்பிகே (மேட்டு முனைகளின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாருங்கள். ‘டூல் சொரசொரப்பாக இருக்கட்டும்’ என்று மட்டும் இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளம் தகட்டில் இருந்தாலும் எண்ணெய் தங்கும்.

கேள்வி: அலுமினியம் வெட்டும் எண்ட் மில்லுக்கு (சுழன்று வெட்டும் கட்டர்) டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு?

பதில்: தவிர்க்கலாம், அலுமினியம் அதில் எளிதாக ஒட்டும். பாலிஷ் செய்த சிப் (வெட்டுத்துகள்) வழியோடு கோட்டிங் இல்லாத கார்பைடு, அல்லது டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் கோட்டிங்).

கேள்வி: ஷார்ப் செய்து கோட்டிங் போட்ட கட்டர், கொஞ்ச நேரத்திலேயே விளிம்பில் மழுங்குகிறது.

பதில்: பிசிர்! கிரைண்டிங் பிசிரோடு கோட்டிங் போட்டால், முதல் சில வெட்டிலேயே பிசிர் ஒடியும். அங்கே கோட்டிங்கும் இல்லை, கூரும் இல்லை. பிசிரை எடுத்து விளிம்பைச் சில மைக்ரான் ஹோன் செய்து (லேசாகத் தேய்த்து உருட்டி) அனுப்புங்கள்.

கேள்வி: எந்தக் கோட்டிங் அதிக நாள் வரும்?

பதில்: மேலே ‘எந்தக் கோட்டிங் சிறந்தது’ என்ற கேள்வியின் பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: பழைய கோட்டிங் மேலேயே புதிது போடலாமா?

பதில்: போடுகிறவர்கள் உண்டு. பழைய துளி, பழைய குழி எல்லாம் அதே இடத்தில் பெரிதாகும், கனம் கூடக் கூட உள் அழுத்தமும் ஏறி விளிம்பில் தெறிக்கும். ஃபார்மிங் டூலுக்குப் பழையதை நீக்கி, மறுபடி பாலிஷ் செய்தே போடுங்கள்.

கேள்வி: பாலிஷ் செய்ய நேரமில்லை. கனமான கோட்டிங் போட்டால் கோடு மறையுமா?

பதில்: மறையாது. முதல் பதிலை மறுபடி படியுங்கள்.