நகரப் பகுதிகளின் பொருளாதார மாற்றத்தைக் கலையால் விளக்க முடியுமா?

முடியும். ஜெர்மனியில் பிறந்த கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே 1971-இல் நியூயார்க்கை வைத்துச் செய்த படைப்பைப் பாருங்கள். அந்நகரில் ஏழைகள் மிகுந்திருந்த ஹார்லம், லோயர் ஈஸ்ட் சைடு பகுதிகளின் கட்டடங்கள், மனைகள் என 142 புகைப்படங்கள். ஒவ்வொன்றுடனும் முகவரி, உரிமையாளர், அடமானக் கடன், சொத்து மதிப்பு. எல்லாம் யாரும் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்தவை. பல நிறுவனங்களின் பெயரில் இருந்த சொத்துகள் ஒரே வட்டத்துக்குள் கைமாறியது வரிசையாகப் படிக்கும்போது புரிகிறது.

வறுமையைப் படம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் குடியிருப்பவரின் முகத்தையே காட்டுவார்கள். ஹாக்கே வீட்டுக்காரரின் கணக்கைக் காட்டினார். இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகம், இந்தப் படைப்பு இடம்பெறவிருந்த அவருடைய கண்காட்சியைத் திறப்பதற்கு முன்பே ரத்துசெய்தது. அவருக்குத் துணைநின்ற காட்சிப் பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரை வேலையிழந்தார்.

திரைப்படத்தில் இவ்வளவு கணக்கைச் சொல்ல இயலாது. அங்கே பூட்டிய கடையும் புதிதாகக் குடிவந்தவரும் பகுதியின் மாற்றத்தைக் காட்டும் வேலையைச் செய்கிறார்கள்.