கோட்டைச் சுவரில் ரோமானியச் செங்கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள கோல்செஸ்டர் நகருக்குப் போயிருந்தேன். கோட்டையை 1076 வாக்கில், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் தொடங்கினார்கள் என்கிறார்கள், செங்கல்லோ ரோமானியருடையது என்கிறார்கள். எது சரி? ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த பிரிட்டானிய அரசி பூடிக்கா உடைத்து நுழைந்தது இன்று நிற்கும் நகரச் சுவரைத்தானா?

கோ.

அன்புள்ள கோ.,

முதல் கேள்விக்கு, இரண்டுமே சரி. எஸ்ஸெக்ஸ் பகுதியில் நல்ல கட்டடக்கல் கிடையாது. ரோமானியர் போனபின் செங்கல் சுடுவதும் பல நூற்றாண்டுகள் நின்றுபோயிற்று. ஆகவே ரோமானியருக்குப் பின் வந்த சாக்ஸன்களும் நார்மன்களும் இடிபாடுகளிலிருந்து பெயர்த்தெடுத்துக் கட்டினார்கள். அடையாளம் காண கனத்தைப் பாருங்கள். ரோமானியச் செங்கல் அகன்ற பலகைபோல 4 செ.மீ. அளவே இருக்கும். பிற்காலத்தது 5 முதல் 6.5 செ.மீ. வரை. நீளத்தை நம்ப வேண்டாம், பெயர்க்கும்போதே பாதி உடைந்துவிடும்.

கோட்டையின் அளவைத் தீர்மானித்ததும் ரோமானியர்தான். அங்கே அவர்கள் பேரரசர் கிளாடியஸுக்கு எழுப்பிய கோயிலின் அதிஷ்டானம் (அடிமேடை) ஏறத்தாழ 32 × 24 மீட்டர். அதை இடிக்காமல் சுற்றிவளைத்துச் சுவர் எழுப்பியதால்தான் ஐரோப்பாவின் மிகப் பெரிய நார்மன் கோட்டைக் கட்டடமாக அது ஆயிற்று. நிலவறையில் நீங்கள் பார்த்த வளைவுகள் அந்த அதிஷ்டானத்தின் உட்பகுதி. ரோமானியர் அவற்றை மண்ணால் நிரப்பி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை. ரோமானியரின் கி.பி. 43 படையெடுப்பை அடுத்து அமைந்த படைமுகாம், 49இல் ஓய்வுபெற்ற வீரர்களின் குடியேற்றமானது. முகாமின் அரணை அப்போது சமன்செய்துவிட்டார்கள். 60 அல்லது 61இல் பூடிக்கா வந்தபோது ஊருக்கு மதிலே இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் அதைக் குறையாகவே எழுதுகிறார். இன்றைய சுவர் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தது. கிளர்ச்சியின் தடயம் தெருக்களுக்கு அடியில் இருக்கிறது. வீடுகளின் பச்சைக் களிமண் சுவர்கள் தீயில் வெந்து கெட்டிப்பட்டுச் சிவப்பு அடுக்காகக் கிடக்கின்றன. அகழாய்வில் அதற்குக் கீழே கிடைக்கும் ரோமானியப் பொருள் முதல் பதினேழு பதினெட்டு ஆண்டுகளுக்குள் அடங்கும். இவ்வளவு துல்லியமான காலக்கோடு அபூர்வம்.

ரோமானியருக்கும் முந்தைய ஊரைப் பார்க்க மேற்கே லெக்ஸ்டன் பக்கம் போக வேண்டும். அரசன் குனொபெலின் ஆண்ட கமுலோடுனான் என்ற அந்த ஊரின் கரையும் அகழியும் மரங்களுக்கிடையே இன்னும் தெரிகின்றன. பலர் அதை வெறும் மண்மேடென்று கடந்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை புனித பொட்டால்ஃப் மடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலேய உள்நாட்டுப் போரில், 1648இல் நடந்த நகர முற்றுகை பதினொரு வாரம் நீடித்தது. அதில் இடிந்த அந்த மடத்தை யாரும் திரும்பக் கட்டவில்லை. அதனால் நார்மன் வளைவுகளில் ரோமானியச் செங்கல் எப்படி அடுக்கப்பட்டது என்பதைப் பூச்சு மறைக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.