வெங்காய வேரில் பிரியும் செல்லே தெரியவில்லையா?

நுண்ணோக்கியில் பார்த்தால் நீளநீளமான செல்கள், எல்லாவற்றிலும் உருண்டை உட்கரு, பிரியும் செல் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். செல்கள் நீண்டிருப்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: வேரின் நுனியை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள நீட்சிப் பகுதியை ஸ்லைடில் வைத்திருக்கிறீர்கள். அங்கே செல்கள் நீளும், பிரியாது. பிரிவது கடைசி 2 மி.மீ.க்குள்தான். சாயம் ஏற்றியதும் அந்த நுனி மட்டும் அடர்சிவப்பாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

வேர் 2, 3 செ.மீ. வளர்ந்ததும் காலையில் வெட்டி, உடனே 3 பங்கு எத்தனால், 1 பங்கு கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் 24 மணி நேரம் போடுங்கள். பிரிவு அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும்.

அடுத்ததைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். 1 நார்மல் (செறிவின் அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில், 8 முதல் 10 நிமிடம் வேரை வையுங்கள். செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் இதில்தான் கரைகிறது. கரையாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் அடுக்கடுக்காகவே நிற்கும். பிறகு நீரில் அலசி, அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் 10 நிமிடம் வையுங்கள்.

நுனியை ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப்பால் (மெல்லிய கண்ணாடி வில்லை) மூடி, அதன் மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு கிழிந்துவிடும்.

நல்ல ஸ்லைடிலும் பெரும்பாலான செல்கள் இடைநிலையில்தான் (இரண்டு பிரிவுகளுக்கு நடுவே உள்ள, பிரியாத நிலை) இருக்கும். செல் சுழற்சியில் அதிக நேரம் பிடிப்பது அதுதான். பொறுமையாக நகர்த்தித் தேடுங்கள். பிரிவின் ஒரு கட்டமான மெட்டாஃபேஸில் 16 குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசைகட்டும். அடுத்த கட்டமான அனாஃபேஸில் அவை பிளந்து, செல்லின் இரு முனைகளுக்கும் முனைக்கு 16 வீதம் விலகும். 10x லென்ஸில் சதுரச் செல்கள் நெருங்கிய இடத்தைப் பிடித்தபின் 40xக்குப் போங்கள்.