அட்டையில் ஸீப்ரா தெரிகிறது, தண்ணி கேட்கத் தெரியவில்லை

கேள்வி: மகனுக்கு 2 வயதும் 4 மாதமும். திருகோணமலைப் பாலையூற்றில் இருக்கிறோம். ஆங்கிலப் பட அட்டைகள் 200 வாங்கிக் காலையும் மாலையும் காட்டி வருகிறேன். ஸீப்ரா, ஆப்பிள், பஸ் என்று முப்பது நாற்பது படங்களுக்குப் பெயர் சொல்கிறான். ஆனால் தண்ணி வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போகிறானே தவிர வாயால் கேட்பதில்லை. அட்டை விற்றவர்கள் அடுத்த கட்டம் என்று 45,000 ரூபாவுக்கு ஒரு பெட்டியும் ஆறு மாத வகுப்பும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? அட்டையைத் தமிழில் காட்டுவதா, ஆங்கிலத்திலா?

பதில்: எடுக்க வேண்டாம், தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு. இந்தக் கிழமைக்குள் கட்டினால் கழிவு என்று அவர்கள் மறுபடி போன் எடுப்பார்கள், அதற்கு முன்னால் இந்தப் பதில் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி மகனைப் பற்றி. நீங்கள் எழுதியதில் பேச்சுச் சிகிச்சையாளரான எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நாற்பது படம் இல்லை, கையைப் பிடித்துக் குசினிக்கு இழுக்கிறானே, அதுதான். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது ஒரு வேலை, இன்னொரு மனிதரிடம் ஒன்றைக் கேட்பது வேறு வேலை. முதலாவது நினைவாற்றலாலும் வந்துவிடும். இரண்டாவது வருவதற்கு, நான் வாயைத் திறந்தால் அம்மா திரும்பிப் பார்ப்பா, தருவா என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதைத்தான் நாங்கள் கதைப்பது என்று சொல்கிறோம். இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்கள் இருக்க வேண்டும், “அம்மா வா”, “பால் தா” மாதிரி இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்போம். உங்கள் மகனின் நாற்பதும் அட்டைக்குள்ளேயே நிற்கின்றன. ஆகவே பயப்படாமல், ஆனால் பிந்தாமல், காட்ட வேண்டிய இடத்தில் காட்ட வேண்டும். “ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்” என்று அம்மம்மாவும் சொல்லுவா, பக்கத்து வீட்டு மாமியும் சொல்லுவா. ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மைதான். அது ஒன்றிரண்டு மாதக் கணக்கு, வருடக் கணக்கு இல்லை.

முதலில் காது. எத்தனை அட்டை காட்டினாலும் காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது, இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் பெற்றோர் கடைசியாகத்தான் செய்கிறார்கள். “சட்டியைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே” என்பார்கள். சட்டிச் சத்தம் பெரிய சத்தம், அதற்குத் திரும்புகிற பிள்ளைக்கு “ச”, “ஸ” போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி, காதைப் பொத்திக்கொண்டு கேட்கிற மாதிரி மாதக்கணக்கில் இருந்திருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பரிசோதனைகள் உண்டு, தூங்கும்போதே செய்யலாம். காது நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுதித் தரும்வரை எந்த வகுப்புக்கும் ஒரு சதம் கட்டாதீர்கள்.

சரி, அட்டை. நான் அட்டைக்கு எதிரி இல்லை. என் மேசையிலும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டை இருக்கிறது. நான் கோபப்படுவது அட்டையைப் பரீட்சைத் தாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு “இது என்ன? இது என்ன? சொல்லு!” என்று கேட்பதைப் பார்த்துத்தான்.

படம் என்பது ஒரு பொருளுக்குப் பதிலாக நிற்கிறது என்பதே பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஜூடி டிலோச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1998இல் எழுதியதில், ஒன்பது மாதப் பிள்ளைகள் புத்தகத்திலுள்ள படத்தைக் கையால் பிய்த்து எடுக்கப் பார்க்கிறார்கள், ஒன்றரை வயது தாண்டிய பிள்ளைகள் அதையே விரலால் சுட்டிக் காட்டுகிறார்கள் என்று காட்டினார். எங்கள் வீடுகளிலும் பார்க்கலாம். ஆகவே சின்னப் பிள்ளைக்குப் படமும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸீப்ராவை உங்கள் மகன் எங்கே கண்டான்? கோட்டை வாசலிலும் கடற்கரைப் பக்கமும் மான் நின்று புல் மேய்கிறது, சில வேளை றோட்டுக்கே வந்து வாகனத்தை மறிக்கிறது, வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் இது? அந்த மானின் படத்தை நீங்களே போனில் எடுங்கள். காகம், வள்ளம், கடல், ஓட்டோ, அவனுடைய செருப்பு, அவனுடைய கோப்பை, அப்பா. பன்னிரண்டு படம் போதும். ஸ்டூடியோவில் வழக்கமான அளவில் பிரதி எடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டினால் முடிந்தது. பளபளவென்று லமினேட் பண்ண வேண்டாம், வெளிச்சம் பட்டுப் படம் மறையும்.

கடையில் வாங்கும் தமிழ் அட்டைகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. பல இந்தியாவில் அச்சானவை. படத்தில் துவாய் இருக்கும், கீழே “துண்டு” என்று இருக்கும். கச்சான் “வேர்க்கடலை” ஆகியிருக்கும், பப்பாசி “பப்பாளி” ஆகியிருக்கும், தோடம்பழம் “ஆரஞ்சு”, கோவா “முட்டைக்கோஸ்”. அவையும் நல்ல தமிழ்தான், ஆனால் உங்கள் குசினியில் யாரும் சொல்லாத சொல். பிள்ளை அட்டையில் ஒன்றும் சாப்பாட்டுத் தட்டில் இன்னொன்றும் கேட்டால் எதைப் பிடிப்பான்? அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் வீட்டில் சொல்லும் சொல்லையே சொல்லுங்கள். “தண்ணீர்” வேண்டாம், “தண்ணி”. எழுத்து இந்த வயதுக்குத் தேவையே இல்லை.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டீர்கள். நீங்கள் கோபம் வந்தால் எந்த மொழியில் ஏசுகிறீர்கள், கொஞ்சும்போது எந்த மொழியில் கொஞ்சுகிறீர்கள்? அந்த மொழி. இரண்டு மூன்று மொழி காதில் விழுவதால் பேச்சு பிந்தாது. திருகோணமலையில் தமிழும் சிங்களமும் சேர்த்துக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் நன்றாகக் கதைக்கிறார்கள். உங்களுக்கே சரளமில்லாத மொழியில் அட்டையில் இருக்கிற பெயரை மட்டும் சொல்வதில்தான் நட்டம், ஏனென்றால் பெயருக்குப் பிறகு உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தமிழில் என்றால் “மான்... மான் ஓடுது... ஐயோ, எங்க போகுது? சாப்பிடப் போகுது” என்று போய்க்கொண்டே இருக்கும். கடை அட்டைகளில் எல்லாமே பெயர்ச்சொல். பிள்ளைக்கு அவசரமாகத் தேவைப்படுவது தா, வா, போ, வேணும், போதும், இல்லை, இன்னும், திற. “இன்னும்” என்பதற்கு ஒரு படம் காட்டுங்கள் பார்ப்போம்! அது ஊஞ்சலில் ஆட்டிவிட்டு நிறுத்தும்போதும் கிண்ணத்தில் ஒரே ஒரு பிஸ்கட் வைக்கும்போதும்தான் பிறக்கும்.

எப்படிக் காட்டுவது என்றால், ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தரம், ஐந்து அட்டைக்கு மேல் வேண்டாம். தரையில் முகத்துக்கு முகம் பார்க்க இருங்கள், அட்டையை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள், அப்போதுதான் படத்தோடு உதடும் தெரியும். கேள்வி கேட்காமல் நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். இந்தப் பத்துதான் பெற்றோருக்கு மிகக் கஷ்டம், மூன்று எண்ண முதலே அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள். அவன் “மா” என்று அரைகுறையாகச் சொன்னாலும் அது சொல்தான், திருத்தாமல் “ஓம், மான் நிக்குது” என்று நீட்டிக் கொடுங்கள். தலையணைக்குக் கீழே ஒளித்துத் தேடலாம், பெட்டி மூடியில் ஒரு கீறல் வெட்டித் தபால் போடலாம். செருப்பு அட்டையைத் தந்து உண்மையான செருப்பை எடுத்து வரச் சொல்லலாம். முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

போனில் ஓடுகிற அட்டை வீடியோ வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்னது, இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. வீடியோ உங்கள் மகனுக்காகப் பத்து எண்ணிக் காத்திருக்காது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் மகனுக்கும் பொருந்தலாம். சில பிள்ளைகளுக்கு, ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் அவர்களில் பலர், அட்டை விளையாட்டுச் சாமான் இல்லை, அதுதான் அவர்களுடைய வாய். 1985இல் அமெரிக்காவில் ஆன்டி பொண்டி, லோரி ஃப்ரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. அதில் பிள்ளை படத்தின் பெயரைச் சொல்வதில்லை, படத்தை எடுத்து ஒருவரின் கையில் கொடுக்கிறது, கொடுத்ததும் அந்தப் பொருள் கிடைக்கிறது. தண்ணி அட்டையைத் தந்தால் அந்தக் கணமே தண்ணி. தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் முன்னால் பிஸ்கட்டோடு, மற்றவர் பின்னாலிருந்து பிள்ளையின் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க உதவ. பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது. முன்னால் இருப்பவரும் “என்ன வேணும்?” என்று கேட்கக் கூடாது, கேட்டால் பிள்ளை கேள்விக்குக் காத்திருக்கப் பழகிவிடும், தானாகக் கேட்க வராது. சில நாளில் கையைப் பிடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம், பிறகு முன்னால் இருப்பவர் தள்ளி இருப்பார், அட்டையோடு பிள்ளை நடந்து வரும். “படத்தைக் கொடுத்துப் பழகினால் வாயே திறக்கமாட்டானே” என்று எல்லாத் தாய்மாரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒருவரிடம் கேட்டால் கிடைக்கும் என்று புரிந்த பிறகு பல பிள்ளைகள் அட்டையோடு சத்தத்தையும் சேர்க்கத் தொடங்குகிறார்கள், சேர்க்காத பிள்ளைக்கும் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் இதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித் தர வேண்டும், பெட்டி வாங்கி வராது. கையைப் பிடித்து இழுக்கிற பழக்கத்தோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை, இவையும் உங்கள் மகனிடம் இருந்தால் இந்த வழியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். எப்போதாவது சொன்ன சொற்கள் மறைந்து போயிருந்தால் நாளைக்கே போங்கள்.

அந்தப் பெட்டிக்காரர்களைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. முன்பள்ளியில் இலவசப் பரிசோதனை என்று வருவார்கள், பத்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு குறை கண்டுபிடிப்பார்கள், வலது மூளை என்பார்கள், ஒரு செக்கனுக்கு ஓர் அட்டை வேகமாகக் காட்டினால் மூளை திறக்கும் என்பார்கள். அனுப்பி வைத்தவருக்கு ஒரு பங்கு போகும். அமெரிக்காவிலேயே, பாலர்களுக்கு வாசிக்கக் கற்பிக்கும் என்று சொல்லி ஏறக்குறைய 200 டொலருக்கு விற்கப்பட்ட அட்டையும் வீடியோவும் சேர்ந்த பெட்டி ஒன்றின் மேல், ஆதாரமில்லாத விளம்பரம் என்று அரசின் வணிக ஆணைக்குழு 2012இல் வழக்குப் போட்டது. அங்கே வழக்காவது வந்தது. இங்கே ஒரு தாய் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிவிட்டு எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தா, பிள்ளைக்கு இரண்டு காதிலும் நீர். எட்டு மாதம் போனது போனதுதான். யாராவது பேச்சுப் பயிற்சி தருகிறேன் என்றால் எங்கே படித்தீர்கள், மருத்துவ சபைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபம் வந்தால் எழும்பி வாருங்கள்.

ஆனால் அவர்களை மட்டும் ஏசி என்ன? அரசாங்க வழி அவ்வளவு நீளம். குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்த்து ஊசிக் கணக்கு எழுதவே நேரம் போதாமல் ஓடுகிறா. அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி, பிறகு பிள்ளை வைத்தியர், பிறகு காது மூக்கு தொண்டை, பிறகு கேட்டல் பரிசோதனை, பிறகுதான் நாங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி, மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில். 2008இலிருந்து ராகம மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, இருந்தும் தமிழில் வேலை செய்யும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைத் தேடி இன்னும் அலைய வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்குள் பிடிக்க வேண்டியதை வரிசையில் நிற்க வைத்தே நான்கு வயதாக்குகிறோம். இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

ஆகவே வரிசையில் இன்றைக்கே இடம் பிடியுங்கள். பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுங்கள், நிறைக் கோடு மட்டும் இல்லை அதில், பார்வை, கேட்டல், பேச்சுக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நீங்களே நிரப்பிக்கொண்டு கிளினிக்குக்குப் போய், “கதைக்கிறான் இல்லை, காது பார்க்கக் கடிதம் தாங்கோ” என்று நேராகக் கேளுங்கள். “பார்ப்பம்” என்றால் அதையும் திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் இரண்டு வீடியோ எடுத்து வைத்திருங்கள். ஒன்று அவன் அட்டைக்குப் பெயர் சொல்வது, மற்றது உங்கள் கையை இழுத்துக்கொண்டு குசினிக்குப் போவது. வைத்தியர் முன்னால் அநேகமாக இரண்டையும் செய்யமாட்டான். எனக்கு இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.