அடிக்கிற போனை எடுங்கள், ஐயா

கேள்வி: எனக்கு 69 வயது. மனைவி இறந்து 14 மாதம் ஆகிறது. மகனும் மகளும் வெளியூரில். ஞாயிறுதோறும் கூப்பிடுவார்கள், ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி வைத்துவிடுவேன். என்னைத் தேட ஒருவரும் இல்லை. அவளுடைய போனுக்கு மட்டும் தினமும் சார்ஜ் போடுகிறேன். எப்போதாவது அடிக்கும், எடுக்க மனம் வராது. இந்தத் தனிமைக்கு என்ன வழி?

பதில்: தேட ஆளில்லை என்று எழுதிய கையோடு, போன் அடிக்கிறது, எடுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்களே ஐயா! அடிப்பது யார்? உங்கள் மனைவியின் தங்கையா, பழைய சிநேகிதியா? திரையில் பெயர் வந்திருக்குமே. அவர் இறந்த செய்தியே தெரியாத ஒருவராக இருந்தால்? ‘என்ன கோபமோ, பேசவே மாட்டேங்கிறாளே’ என்று ஒரு மனுஷி 14 மாதமாகத் தவித்துக்கொண்டிருக்கலாம். இழப்பு உங்களுக்கு மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இப்படிக் கடிதம் எழுதும் ஆண்கள் எனக்குப் புதிதில்லை. உறவு, நட்பு எல்லாம் மனைவியின் இலாகா. போன் வந்தால் ‘இருங்க, அவகிட்ட குடுக்கறேன்’ என்று கைமாற்றிவிட்டே காலம் தள்ளியிருப்பீர்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அவர் சொல்லித்தானே தெரியும்?

1969-ல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே மரணம், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். முக்கியமாக மாரடைப்பு. நீங்கள் அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள். சரி, தாண்டி வந்து என்ன செய்கிறீர்கள்? சார்ஜருக்குக் காவல்.

பிள்ளைகள் மேல் பழி போடவும் நான் விடமாட்டேன். அவர்கள் கூப்பிடுகிறார்கள், இரண்டே சொல்லில் முடித்துவிடுவது நீங்கள். அவர்களும் தாயைப் பறிகொடுத்தவர்கள். ‘அம்மா ஞாபகம் வருதா?’ என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? பெற்றவன் கடமை 69 வயதில் ஓய்வு பெற்றுவிடாது.

இன்றைக்கே மனைவியின் போனில், எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பாருங்கள். எந்தப் பெயர் அதிகம் இருக்கிறதோ, அவருக்கு உங்கள் போனிலிருந்து போடுங்கள். மனைவியின் எண்ணிலிருந்து போனால் அந்தப் பக்கம் பதறிவிடுவார்கள். யார் பேசுவது என்று கேட்டால், இன்னாருடைய கணவர் என்று சொல்லுங்கள். அப்புறம் குரல் உடைந்தால் உடையட்டும், போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.